விதைநெல்லும் அளவின் நேர்மையும்

வாணிகத்தில் நேரும் பிழை அன்றே புலப்பட்டுவிடும். தராசு பொய்த்தால், வாங்கியவன் வீட்டிற் சென்று மீள நிறுத்துப் பார்த்ததும் உண்மை வெளிப்படும். விதையில் நேரும் பிழை அத்தகையதன்று. அது மண்ணுக்குள் மறைந்து கிடக்கும். பயிர் முளைக்கும்போது ஒரு பகுதியும், கதிர் தள்ளும்போது எஞ்சிய பகுதியும் தெரியவரும். தெரியவரும் வேளையில் பருவம் கடந்திருக்கும். உழவுக்குக் கொடுத்த கூலியும் இட்ட பசளையும் பாய்ச்சிய நீரும் திரும்பி வருவதில்லை. ஆகவேதான் விதையை ஆயத்தஞ் செய்யும் தொழில், ஏனைய தொழில்களிலும் பார்க்கக் கூடிய பொறுப்பை உடையதாகின்றது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பு, குளங்களால் வாழும் நாடாகும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய பெருங்குளங்களும், ஊர்தோறும் அமைந்த சிறுகுளங்களும் இந்நிலத்து வயல்களுக்கு நீர் ஊட்டுகின்றன. இங்கே காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் விதைப்பு மும்முரமடையும். மழையை நோக்கிப் புழுதியில் விதைப்போர் ஒருபுறம். மழை பெய்தபின் சேறாக்கி முளைநெல் விதைப்போர் மறுபுறம். எந்த முறையாயினும் விதைப்புக்கு வாய்க்கும் காலம் சில கிழமைகளே. அக்கிழமைகளில் கமக்காரனின் கையில் விதை இருத்தல் வேண்டும். பிந்தி வரும் நல்ல விதையும், முந்தி வரும் தீய விதையும் அவனுக்கு ஏறக்குறைய ஒரே பயனையே தரும்.

இந்தக் காலக் குறுக்கத்தைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் மட்டும் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் நிலம் உண்டு. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை என்பது பொதுவான அளவு. ஒரு புசல் நெல்லின் நிறை ஏறத்தாழ 21 கிலோகிராம். ஆகவே 20,000 ஏக்கருக்கு வேண்டிய விதை 40,000 புசல்; அதாவது ஏறக்குறைய 840 தொன். இவ்வளவு விதையையும், மணிக்கு ஒரு தொன் வீதம் சுத்திகரித்துப் பரிகரிக்கும் இயந்திரமொன்றிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை நடந்தால், அவ்வேலை 105 நாட்களில் முடியும். மணிக்கு ஐந்து தொன் வீதம் செய்யவல்ல இயந்திரமாயின் 21 நாட்களில் முடிந்துவிடும். கமக்காரர் அனைவரும் ஒவ்வொரு போகத்துக்கும் புதுவிதை வாங்குவதில்லை. தம் வயலிலே விளைந்ததை எடுத்து வைப்போரும் பலர். எனினும் ஒரு குளத்தின் கணக்கே இவ்வாறாயின், மூன்று மாவட்டங்களின் தேவை எத்தகையது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே விதையைப் பரிகரிக்கும் ஆற்றல் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆற்றலைப் பெருக்கும்போது அளவின் துல்லியத்தை எவ்வாறு காப்பது என்பதே ஆராயத்தக்க கேள்வியாகும்.

விதையைத் தெரிந்து பேணுவது வன்னி மக்களுக்குப் புதிய கலையன்று. செழித்து முற்றிய பகுதியை வயலிலேயே பார்த்து ஒதுக்கி, அதனைத் தனியாகச் சூடடித்து, சுளகினாற் பதர் நீக்கி, வெயிலிற் காயவைத்துக் கொம்பறையிலே சேமித்தனர் முன்னோர். உப்புநீரில் நெல்லை இட்டுப் பார்க்கும் வழக்கமும் தமிழ் உழவர் அறிந்ததே. கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அந்நீரில் நெல்லைக் கொட்டினால், பதரும் அரைமணியும் மேலே மிதக்கும். திரண்ட மணி அடியிலே தங்கும். தங்கிய மணியை நல்ல நீரிற் கழுவி விதைப்பர். முட்டையைக் கொண்டு கரைசலின் செறிவை அளந்த அறிவு மெச்சத்தக்கது. அது கருவியில்லாத காலத்தின் கருவி. அங்கே துல்லியம் கண்ணிலும் கையிலும் இருந்தது. ஒரு குடும்பத்தின் சில ஏக்கர் வயலுக்கு அது போதுமானது. ஆயிரம் மூடைகளைக் கண்ணும் கையும் காக்கமாட்டா. அவ்விடத்தில் இயந்திரமும், அதனை ஆளும் ஒழுங்கும் வேண்டப்படுகின்றன.

விதைக்கு மருந்திடும் அறிவும் நீண்ட வரலாறு உடையது. பிரான்சு நாட்டிலே கோதுமையைக் கருக்கிப் பாழாக்கிய நோயொன்று விதையோடு ஒட்டிச் செல்கின்றது என்பதை 1755ஆம் ஆண்டில் தில்லே என்பவர் பரிசோதனை மூலம் காட்டினார். விதையைச் செம்புக் கரைசலில் நனைத்தால் அந்நோய் தடைப்படும் என்பதை 1807ஆம் ஆண்டில் பிரெவோ என்பவர் வெளியிட்டார். நோய் வந்தபின் வயல் முழுவதிலும் மருந்து தெளிப்பதைக் காட்டிலும், வருமுன் விதைக்கே காப்பிடுவது சிக்கனமானது என்னும் கருத்து அன்று தோன்றி இன்றுவரை நிலைத்துள்ளது. அக்காப்பையே இலங்கையில் விதைப் பரிகரணம் என்றும், தமிழ்நாட்டில் விதை நேர்த்தி என்றும் வழங்குவர். நெல்லிலே இளம்பயிரைத் தாக்கும் பனிப்பூச்சிக்கும், விதையோடு பரவும் சில பூஞ்சண நோய்களுக்கும், நிலக்கடலை விதை மண்ணிலே அழுகுவதற்கும் இவ்வகைக் காப்பு பயன்படுகின்றது.

இனி, ஒரு நெல்மணிக்கு எவ்வளவு மருந்து சேர்கின்றது என்பதைக் காண்போம். ஆயிரம் நெல்மணியின் நிறை ஏறத்தாழ 25 கிராம். அதன்படி ஒரு கிலோகிராம் விதையில் 40,000 மணிகள் உள. கிலோகிராம் ஒன்றுக்கு 2 கிராம் மருந்து என வைத்துக்கொண்டால், ஒரு மணிக்குரிய பங்கு ஒரு கிராமின் இருபதினாயிரத்தில் ஒரு கூறு. கண்ணுக்குத் தெரியாத இச்சிறு பங்கு ஒவ்வொரு மணிக்கும் சென்று சேரவேண்டும். குறைந்தால் அம்மணிக்குக் காப்பில்லை. கூடினால் முளை கருகவும் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இங்கே உவமையாக நில்லாமல் நேர்ப்பொருளாகவே நிற்கின்றது.

பெரிய இயந்திரங்களில் இவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது? மேலேயுள்ள கொள்கலத்திலிருந்து விதை ஒரு வழியாகச் சொரிகின்றது. மற்றொரு வழியாகக் குழாய் மூலம் மருந்துக் கரைசல் வருகின்றது. வேகமாகச் சுழலும் தட்டொன்று அக்கரைசலைப் பனித்துளிபோற் சிதறச் செய்கின்றது. நனைந்த விதை, சுழலும் உருளையொன்றினுட் புரண்டு, ஒன்றோடொன்று உரசி, மருந்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றது. பின்னர் உலர்ந்து மூடைக்குச் செல்கின்றது. விதையும் மருந்தும் இரண்டு ஆறுகள் போல ஓடி ஓரிடத்தில் கலக்கின்றன எனலாம். இரண்டின் வேகமும் ஒன்றற்கொன்று இசைந்திருத்தலே துல்லியத்தின் உயிர்நிலை.

இசைவு பிறழ்ந்தால் நேர்வது யாது? மணிக்கு ஐந்து தொன் விதை ஓடுகின்றது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 கிலோகிராம். கிலோகிராமுக்கு 4 மில்லிலீற்றர் கரைசல் வேண்டுமாயின், நிமிடத்துக்கு 333 மில்லிலீற்றர் வரவேண்டும். கொள்கலத்தில் விதை குறைந்து, அதன் ஓட்டம் மணிக்கு நான்கு தொன்னாகத் தளர்ந்துவிட்டது என்க. மருந்துக் குழாயோ முன்போலவே சொரிந்துகொண்டிருக்கின்றது. அக்கணமே ஒவ்வொரு மணிக்கும் கால்பங்கு மருந்து கூடிவிடுகின்றது. இயந்திரத்தின் இரைச்சலில் மாற்றமில்லை; மூடையின் தோற்றத்திலும் மாற்றமில்லை. வயலிலே முளை குன்றும்போதுதான் அது தெரியவரும்.

மாலையிலே கணக்குப் பார்க்கும் மேற்பார்வையாளர், இத்தனை தொன் விதைக்கு இத்தனை லீற்றர் மருந்து செலவாயிற்று எனக் கண்டு திருப்தியடைதல் உண்டு. அத்திருப்தி முழுமையானதன்று. காலையில் ஓடிய விதைக்குக் குறைவாகவும், மாலையில் ஓடிய விதைக்குக் கூடுதலாகவும் மருந்து சேர்ந்திருந்தாலும் நாட்கணக்குச் சரியாகவே இருக்கும். ஒருவன் இருவேளைச் சோற்றையும் உண்டு, மற்றவன் பட்டினி கிடந்தால், ஆளுக்கு ஒருவேளை உண்டனர் என்று சராசரி கூறும். ஆகவே நாளிறுதிக் கணக்கு மட்டும் போதாது. வேலை நடக்கும்போதே, மணிக்கு மணி, ஒரு நிமிடத்தில் விழும் விதையை நிறுத்தும், ஒரு நிமிடத்தில் வரும் மருந்தை அளந்தும் ஒப்புநோக்குதல் வேண்டும். இக்காலத்து நல்ல இயந்திரங்களில் விதையின் நிறையை இடையறாது அளந்து, அதற்கேற்ப மருந்தின் ஓட்டத்தைத் தானே கூட்டவும் குறைக்கவும் வல்ல மின்னணுக் கருவிகள் உள. அவை உள்ள இடத்திலும் கையால் அளந்து சரிபார்க்கும் பழக்கம் கைவிடத்தக்கதன்று. அளக்கும் கருவியையும் இடையிடையே அளந்து பார்க்கவேண்டும்.

இந்நிலையில், ஆற்றலைப் பெருக்குக என்றவுடன் இயந்திரத்தை விரைவாக ஓட்டுக என்று பொருள்கொள்வது எளிதில் நேரும் தவறாகும். விரைவாக ஓட்டினால் உருளைக்குள் விதை புரளும் நேரம் குறையும். புரளும் நேரம் குறைந்தால் மருந்து சமமாகப் பரவாது. ஆகவே ஓர் இயந்திரத்துக்கு ஆக்கியோர் வகுத்த வேகத்தைத் தாண்டுவது, தொகையை வாங்கித் துல்லியத்தை விற்பதாகும்.

அவ்வாறாயின் பெருக்கம் எங்கிருந்து வரும்? வீணாகும் நேரத்திலிருந்து வரும். மணிக்கு ஐந்து தொன் ஓடும் இயந்திரம் எட்டு மணி நேரத்தில் 40 தொன் தரவேண்டும். ஆனால் விதையினம் மாறும்போது உள்ளே துடைத்துச் சுத்தஞ் செய்வதிலும், சாக்கு வரும்வரை காத்திருப்பதிலும், மின்சாரம் தடைப்படுவதிலும், பாரவண்டி பிந்துவதிலும் மூன்று மணி நேரம் கழிந்தால், கிடைப்பது 25 தொன்னே. அம்மூன்று மணியை ஒரு மணியாகக் குறைத்தால் 35 தொன் கிடைக்கும். இயந்திரத்தின் வேகம் சற்றும் கூடவில்லை. மருந்தின் அளவு சற்றும் பிறழவில்லை. விளைவோ ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிட்டது.

இதற்குச் செய்யவேண்டியவை சில. ஒரே இனத்து விதையை இயன்றவரை ஒருசேர ஓட்டி முடித்த பின்னரே அடுத்த இனத்தைத் தொடங்க வேண்டும். ஏ.ரி. 362 காலையிலும் பி.ஜி. 352 நண்பகலிலும் மீண்டும் ஏ.ரி. 362 மாலையிலும் என மாறிமாறி ஓட்டினால் ஒவ்வொரு முறையும் சுத்தஞ் செய்யவேண்டும். செய்யாவிடின் இனங்கள் கலந்துவிடும். சிவப்பு நெல்லும் வெள்ளை நெல்லும் கலந்து விளைந்த வயலின் நெல்லுக்குச் சந்தையில் உரிய விலை கிடையாது. அடுத்ததாக, மருந்திடும் உருளைக்கு மேலேயுள்ள கொள்கலம் எப்போதும் ஒரே மட்டத்தில் நிறைந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் விதையின் ஓட்டம் தளராது. இன்னொன்று, மூடை கட்டும் இடம். வாய்க்கால் எவ்வளவு அகலமாயினும் மதகு குறுகியதாயின் நீர் மதகின் அளவுக்கே பாயும். மருந்திடும் உருளை ஐந்து தொன்னுக்கு உரியதாயினும், நிறுத்துத் தைக்கும் இடம் மூன்று தொன்னுக்கே வல்லதாயின், அந்த ஆலையின் ஆற்றல் மூன்று தொன்னேயாகும். ஆகவே பணத்தை எங்கே செலவிடுவது என்பதைத் தீர்மானிக்குமுன், எங்கே நெருக்கடி என்பதைக் கண்டறிதல் வேண்டும்.

மருந்திடலுக்கு முன்னுள்ள உலர்த்தும் வேலையிலும் இதே சோதனை உண்டு. ஈர நெல் குவிந்து கிடக்கும்போது சூட்டைக் கூட்டி விரைவாக உலர்த்தும் எண்ணம் எழுதல் இயல்பு. சோற்றுக்குரிய நெல்லாயின் ஓரளவு சூட்டைத் தாங்கும். விதைநெல்லை உலர்த்தும் காற்றின் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டலாகாது என்பது நெல் ஆராய்ச்சியாளர் வகுத்த வரம்பு. அதற்கு மேற்பட்டால் உள்ளேயுள்ள முளையுயிர் மடியலாம். வெளியே உமி பொன்னிறமாகவே இருக்கும். குற்றினால் அரிசியும் வெண்மையாகவே வரும். மண்ணிலே இட்டால் மட்டும் முளையாது. சோற்றுக்கு உதவும் நெல் எல்லாம் விதைக்கு உதவாது என்பதை உலர்த்தும் அறையில் நிற்கும் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கரைசலாக மருந்திடும்போது நீரின் அளவும் கவனத்துக்குரியது. 13 வீத ஈரப்பதன் உள்ள விதைக்குக் கிலோகிராம் ஒன்றுக்கு 20 மில்லிலீற்றர் நீரைச் சேர்த்தால், ஈரப்பதன் 15 வீதத்தை அண்மிக்கும். அவ்வண்ணமே மூடையிற் கட்டி, ஐப்பசி மழைக்காலத்துக் களஞ்சியத்தில் அடுக்கினால், பூஞ்சணத்தைத் தடுக்க இட்ட மருந்தே பூஞ்சணத்துக்கு வழிதிறந்ததாக முடியும். ஆகவே நீரைக் குறைத்து இடுதலும், இட்டபின் உலரவிடுதலும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகும்.

துல்லியம் தவறினால் நேரும் கேட்டுக்கு உலக வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள. 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஈராக் நாட்டுக்குப் பெருந்தொகையான கோதுமை, வாற்கோதுமை விதைகள் கப்பல்களில் வந்தன. அவை இரசச் சேர்வை கொண்டு பரிகரிக்கப்பட்டவை. அடையாளத்துக்காகச் சாயமும் ஊட்டப்பட்டிருந்தது. விதையிற் பெரும்பகுதி விதைப்புக் காலம் கழிந்தபின்னரே கிராமங்களைச் சேர்ந்தது. மூடைகளில் இருந்த எச்சரிக்கை அந்நாட்டு மக்கள் அறியாத ஸ்பானிய, ஆங்கில மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. வறண்ட ஆண்டொன்றிற் பசித்திருந்த மக்கள், சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என எண்ணி, அத்தானியத்தை அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். 6,500க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர்; அங்கே இறந்தோர் 459 பேர் என அரசாங்கக் கணக்குக் கூறியது. கப்பல் கப்பலாக விதையை ஆயத்தஞ் செய்யும் ஆற்றல் இருந்தது. அது உரிய காலத்தில், உரிய மொழியில், உரிய விளக்கத்தோடு உழவன் கையைச் சேரும் ஒழுங்கு இருக்கவில்லை. இரசம் கலந்த பீடைகொல்லிகளை உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கை மூலம் விலக்கிவிட்டன. எனினும் அப்பாடம் விலக்கத்தக்கதன்று.

மற்றையது 2008ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்தது. ரைன் நதிப் பள்ளத்தாக்கில் விதைத்த சோள விதைக்குப் பூச்சிமருந்து பூசப்பட்டிருந்தது. பூச்சு விதையிற் செவ்வனே ஒட்டவில்லை. விதைக்கும் இயந்திரத்திலிருந்து மருந்து தூசியாகப் பறந்து, பூத்திருந்த செடிகளிற் படிந்தது. 11,000க்கு மேற்பட்ட தேனீக் குடிகள் பாதிக்கப்பட்டன. இட்ட மருந்து இட்ட இடத்திலேயே நிற்றலும் துல்லியத்தின் ஒரு பகுதி என்பதை இது உணர்த்துகின்றது.

இந்நிகழ்ச்சிகளை வன்னியோடு ஒட்டி நோக்குதல் தகும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் குடிகளிற் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளப் பகுதி முகாம்களில் இருந்தனர். கொம்பறைகளும் களஞ்சியங்களும் அழிந்தன. தலைமுறை தலைமுறையாக வீட்டிலே பேணிய விதையும் அவற்றோடு போயிற்று. மக்கள் மீளக் குடியேறியபோது அரசாங்கமும், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும், பிற தொண்டு நிறுவனங்களும் விதைநெல் வழங்கின. அவ்வுதவி இன்றியமையாதது. எனினும் தன் நிலத்துக்கு வேண்டிய விதையைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலை ஒரு நாடு இழந்தால், மழை வந்தும் பாரவண்டியை எதிர்பார்த்திருக்க நேரும் என்பதை அக்காலம் கற்பித்தது. பரந்தனிலும் வட்டக்கச்சியிலும் அமைந்த அரசாங்க விதைப் பண்ணைகளின் அருமையை வன்னிக் கமக்காரர் முன்னிலும் நன்றாக உணர்ந்த காலமும் அதுவே.

பத்தலகொடையில், 1952ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையமே நாட்டின் புதிய நெல்லினங்களின் தாய்வீடாகும். 1958ஆம் ஆண்டில் வெளியான எச்.4 என்னும் சிவப்பு நெல் அங்கே பிறந்ததே. ஆராய்ச்சியாளர் ஆக்கும் சிறுதொகை விதை, அத்திவார விதையாகவும், பின் பதிவு செய்த விதையாகவும், இறுதியில் உறுதிப்படுத்திய விதையாகவும் படிப்படியாகப் பெருக்கப்படுகின்றது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்து 80 புசல் எடுத்தால் ஒரு படிக்கு நாற்பது மடங்கு. மூன்று படிகளில் ஒரு மணி 64,000 மணிகளாகும். முதற்படியிற் கலந்த வேற்றினத்து மணி ஒன்றும் அவ்வாறே பெருகும். 1990களிலிருந்து இலங்கை வயல்களை வருத்தும் களைநெல், அசுத்தமான விதையோடும் பரவுவதை விவசாயத் திணைக்களத்தார் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்துள்ளனர். ஆகவே உறுதிப்படுத்திய விதைநெல்லுக்கு முளைதிறன் 85 வீதத்திற் குறையாமலும், தூய்மை 98 வீதத்திற் குறையாமலும், ஈரப்பதன் 13 வீதத்திற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என விதித்துள்ளனர். இவ்விதிகளுக்குச் சட்டத்தின் துணையாக 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் உள்ளது.

இவற்றையெல்லாம் கருதும்போது வன்னிக்கு ஏற்ற வழி ஓரளவு தெளிவாகின்றது. ஓரிடத்தில் மாபெரும் ஆலையொன்றை அமைத்து, மூன்று மாவட்டங்களின் விதையையும் அங்கே குவிப்பதிலும், பெருங்குளங்களை அண்டி நடுத்தர ஆலைகள் சிலவற்றை அமைப்பது நன்று. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று கைகொடுக்கும். ஒவ்வோர் ஆலையும் சில இனங்களையே கையாள்வதால் கலப்புக் குறையும். துடைக்கும் நேரமும் குறையும். விதையைச் சுத்திகரித்து, தரம்பிரித்து, உலர்த்தி வைக்கும் வேலையைச் சித்திரை முதல் ஆவணிவரை ஆறுதலாகச் செய்துகொள்ளலாம். மருந்திடும் வேலையை மட்டும் விதைப்புக்குச் சற்று முன்னர், கமக்காரர் கேட்ட அளவுக்கே செய்தல் வேண்டும். மருந்திட்ட விதை எஞ்சினால் அதனை ஆலைக்கு அனுப்பி அரிசியாக்க முடியாது. கோழிக்கும் மாட்டுக்கும் போட முடியாது. மருந்திடாத விதை எஞ்சினால் நட்டம் சிறிதே. இவ்வொழுங்கு வேலைப்பளுவையும் பரப்பிவிடுகின்றது, ஆபத்தையும் குறைக்கின்றது.

மூடையின்மேல் இனம், நிறை, முளைதிறன், இட்ட மருந்து, இட்ட நாள் என்பன தமிழிற் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். விதைக்குச் சாயம் ஊட்டுதல் அழகுக்காக அன்று. உண்ணற்க என்னும் எச்சரிக்கைக்காகவே. எழுத்தறியாத முதியவரும் நிறத்தைக் கண்டு அறிவர். வெற்றுச் சாக்கை அரிசி கட்டவோ மாவு கட்டவோ பயன்படுத்தலாகாது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிகளுக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டதும், அதே ஆண்டு நவம்பரில் அது நீக்கப்பட்டதும் கமக்காரர் மறவாத நிகழ்ச்சிகள். மிகுதியாக இடுவதும் முற்றாக மறுப்பதும் என்னும் இரு முனைகளுக்கு இடையே, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் இடுதல் என்னும் வழியொன்று உண்டு. ஒரு ஹெக்டேயருக்குரிய 100 கிலோகிராம் விதைக்கு, கிலோகிராமுக்கு 2 கிராம் வீதம் இட்டாலும், அந்நிலத்திற் சேரும் மருந்துப்பொருள் 200 கிராமே. அந்த 200 கிராமும் உரிய மணிகளுக்கு உரியவாறு சேர்ந்தால், பின்னர் கைத்தெளிகருவியைத் தோளிற் சுமந்து வயல் முழுவதும் நஞ்சு தெளிக்கும் தேவை சில வேளைகளிலேனும் குறையும். துல்லியம் சிக்கனத்தையும் தருகின்றது. தெளிப்பவனின் உடலையும் காக்கின்றது.

இறுதியாக, ஆலை எவ்வளவு திறமையாக இயங்கினும், கமக்காரனின் சொந்தச் சோதனைக்கு ஈடில்லை. அதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. வாங்கிய விதையில் நூறு மணியை எண்ணி எடுத்து, நனைத்த சாக்குத் துண்டொன்றிற் பரப்பிச் சுருட்டி, உலராமல் நிழலில் வைத்து, ஏழாம் நாள் விரித்து எண்ணினால் முளைதிறன் தெரிந்துவிடும். சோதித்த மணியைப் பிள்ளைகளும் கோழிகளும் அணுகாவண்ணம் மண்ணிற் புதைத்து, கையைக் கழுவிவிட வேண்டும். எண்ணியதில் எண்பத்தைந்துக்குக் குறைந்தால் விதைப்பதற்கு முன்னரே விற்றவரிடம் கேட்கலாம். விதைத்தபின் கேட்டுப் பயனில்லை.

இரணைமடுவின் மதகு திறக்கும் நாளில் வாய்க்காலில் ஓடும் நீர் பெரிய வயலுக்கும் சிறிய வயலுக்கும் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றது. அப்பங்கீட்டிற் பிழை நேர்ந்தால் வாய்க்கால்வரம்பிலேயே வழக்குத் தொடங்கிவிடும். விதைமணிகள் தமக்குரிய பங்கு குறைந்தது என்று வழக்காட மாட்டா. அவற்றுக்காக அளந்து பார்ப்பவர் ஆலையில் நிற்கும் மனிதரே. வன்னியிலே விதை ஆலைகள் பெருகும் காலத்தில், இயந்திரங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அம்மனிதரைப் பயிற்றுவதற்கும் செலவிடுதல் வேண்டும். அவ்வாறு செய்தால், மழையை நோக்கி விதைக்கும் கமக்காரனுக்கு ஐயம் மழையைப் பற்றியதாக மட்டுமே இருக்கும். விதையைப் பற்றியதாக இராது.